பவரை ஆஃப் செய்தும் மினுக்கிய பச்சை விளக்கு: ஒரு மல்டிப்ளெக்சரில் நான் விட்ட 5 மாதம்

கோயம்புத்தூர் கணபதியில் எனக்கு ஒரு சின்ன ஷெட் உண்டு. நான், சால்டரிங் வேலைக்கு ஒரு பையன், அவ்வளவுதான் கம்பெனி. இரண்டு வருடத்துக்கு முன்னால் திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையிலிருந்து 8 சேனல் டேட்டா லாகர் 12 பெட்டி வேண்டும் என்று ஆர்டர் வந்தது. பெட்டிக்கு 14,500 ரூபாய். சாய மெஷின்களின் வெப்பநிலை, நீராவி அழுத்தம், டேங்க் மட்டம் எல்லாம் 4-20 மில்லி ஆம்ப் டிரான்ஸ்மிட்டரிலிருந்து, அதாவது சென்சார் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்ப் மின்னோட்டமாக மாற்றித் தரும் கருவியிலிருந்து வரும், அதை எடுத்துப் பதிந்து கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். எனக்கு அதுவரை வந்ததில் அதுதான் பெரிய ஆர்டர். ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முடிய 5 மாதம் ஆனது, கையிலிருந்து 1,36,300 ரூபாய் போனது, நடுவில் ஒரு நாள் ஷெட்டையே பூட்டிவிட்டு யாரிடமாவது சம்பளத்துக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். இத்தனைக்கும் காரணம் 20 ரூபாய் சில்லு. இதை முன்பே யாராவது எனக்குத் தமிழில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

டிசைன் எளிமையானது, எல்லோரும் செய்வதுதான். டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் மின்னோட்டத்தை ஷன்ட் என்கிற 250 ஓம் ரெசிஸ்டர் வழியாக விட்டால் 4 மில்லி ஆம்புக்கு 1 வோல்ட், 20 மில்லி ஆம்புக்கு 5 வோல்ட். 8 சேனலுக்கும் வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி சில்லு தனித்தனியாக வைத்தால் கட்டுப்படியாகாது, ஆகவே மல்டிப்ளெக்சர் என்ற சுவிட்சுச் சில்லு ஒன்றை வைத்து ஒவ்வொரு சேனலாகத் திருப்பித் திருப்பி ஒரே 12 பிட் ஏடிசியில் அளக்கலாம். மல்டிப்ளெக்சர் என்றால் கல்லூரி லேபிலிருந்து கைக்குப் பழக்கமானது சிடி4051. அதற்கு 5 வோல்ட் சப்ளை, சிக்னல் 0 முதல் 5 வோல்ட். கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் கச்சிதத்தில்தான் கோளாறு இருந்தது, 5 வோல்ட்டுக்கு மேலே ஒரு பொட்டு இடம்கூட நான் விடவில்லை.

ஷெட்டில் 4 நாள் ஓட்டிப் பார்த்தேன், அற்புதமாக ஓடியது. பட்டறையில் மாட்டிய மூன்றாம் நாள் போன் வந்தது. 5ஆம் மெஷினின் வெப்பநிலை திடீரென்று 3, 4 டிகிரி ஏறுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடுகிறது, சாய ஆபரேட்டர் அதை நம்பி நீராவியைக் குறைத்துவிடுகிறார் என்றார்கள். போய்ப் பார்த்தால் நான் நிற்கிற வரை ஒழுங்காக இருக்கும், கிளம்பி அவிநாசி தாண்டுவதற்குள் மறுபடி போன். இந்த ஊரில் எலக்ட்ரானிக்ஸில் எது கெட்டாலும் சொல்ல ஒரு பதில் தயாராக இருக்கிறது, "எர்த் சரியில்லை". நானும் அதையே சொன்னேன். என் செலவில் 18,000 ரூபாய்க்கு ஷீல்டு கேபிள் வாங்கி இழுத்தேன். ஒன்றும் மாறவில்லை. சாஃப்ட்வேரில் சராசரி எடுத்தேன், ஏடிசி மாற்றினேன், கன்ட்ரோலர் மாற்றினேன், அதில் ஒரு 11,500. மூன்று வாரம் இப்படியே ஓடியது.

அங்கே ஒரு மெயின்டனன்ஸ் ஃபிட்டர், வயதில் பெரியவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் இரண்டாம் வாரமே ஒன்று சொன்னார். "ஏனுங்க தம்பி, உங்க பொட்டிய ஆஃப் பண்ணுனாலும் அந்தப் பச்ச லைட்டு லேசா மினுக்குதுங்களே, அது எதுக்குங்க?" கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கும் மின்சாரம் அண்ணே, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும் என்று பெரிய இன்ஜினியர் மாதிரி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது அணையவே இல்லை என்பதை நின்று பார்க்கவில்லை. அந்த ஒரு கேள்வியை அன்றைக்கே மதித்திருந்தால் பாதிக் காசு மிஞ்சியிருக்கும்.

விஷயம் பிடிபட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேறு வழி தெரியாமல் ஒரு போர்டை ஷெட்டுக்குக் கொண்டு வந்து, 5ஆம் சேனலுக்கு நிலையாக 3 வோல்ட் கொடுத்து அதை மட்டும் அளக்கவிட்டு, மற்ற சேனல்களில் பெஞ்ச் சப்ளையை ஒவ்வொன்றாக மெதுவாக ஏற்றிக்கொண்டு வந்தேன். 3ஆம் சேனலில் 5 வோல்ட் வரை ஒன்றுமில்லை. 5.3, 5.4, ஒன்றுமில்லை. 5.6 தாண்டியதும் 5ஆம் சேனலின் அளவு நகர ஆரம்பித்தது! 3ஆம் சேனலைத் தேர்வே செய்யவில்லை, அது ஆஃபில் இருக்கிறது, ஆனாலும் பக்கத்து வீட்டுக் கணக்கில் கை வைக்கிறது.

இது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 4051 போன்ற சாதாரண சீமாஸ் மல்டிப்ளெக்சரில் ஒவ்வொரு இன்புட் காலிலிருந்தும் சப்ளைக்கு ஒரு டயோடு, அதாவது மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் கதவு, போகிறது, கிரவுண்டிலிருந்து இன்புட்டுக்கு இன்னொன்று. இன்புட் சப்ளையைவிட 0.6 வோல்ட் மேலே போனால் மேல் டயோடு திறந்துகொள்ளும். அந்த டயோடு தனியாக இருந்தால் பரவாயில்லை, ஆனால் எல்லாம் ஒரே சிலிக்கான் துண்டில் இருப்பதால் பக்கத்துச் சுவிட்சோடு சேர்ந்து அது ஒரு டிரான்சிஸ்டர் போல வேலை செய்யும். நுழைந்த மின்னோட்டத்தில் ஒரு பங்கு சப்ளைக்குப் போகாமல் பொது அவுட்புட் காலுக்குப் போய்விடும். எனக்கு ஒரு 0.1 மில்லி ஆம்ப் அப்படிப் போனாலே போதும், ஆன் ஆன சுவிட்சின் சில நூறு ஓமும் ஷன்ட்டின் 250 ஓமும் சேர்ந்து 70 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் பிழை வரும், 0-200 டிகிரி டிரான்ஸ்மிட்டரில் அது மூன்றரை டிகிரி. போனில் சொன்னது அதே 3, 4 டிகிரிதான்.

சரி, 4-20 மில்லி ஆம்பில் 5.6 வோல்ட் எங்கிருந்து வந்தது? இங்கேதான் தலையில் அடித்துக்கொண்டேன். 4-20 என்று பெயர் இருந்தாலும் டிரான்ஸ்மிட்டர் 20-இல் நிற்காது. சென்சார் வயர் அறுந்தால் அதைத் தெரிவிக்கவே வேண்டுமென்று 21 மில்லி ஆம்ப் அல்லது அதற்கு மேல் போகும், நாமூர் என்ற அமைப்பின் என்இ 43 என்ற வழக்கத்தில் அப்படித்தான், கீழ்ப்பக்கம் என்றால் 3.6-க்குக் கீழே. 3ஆம் மெஷினில் ஆர்டிடி என்ற வெப்பநிலை சென்சாரின் வயர் ஒன்று லூசாக இருந்திருக்கிறது. மெஷின் அதிரும்போது தொடர்பு விடும், டிரான்ஸ்மிட்டர் 22.5-க்குப் போகும், 250 ஓமில் அது 5.6 வோல்ட். 3ஆம் மெஷினில் வயர் லூஸ், குற்றவாளி 5ஆம் மெஷின். முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: உங்கள் சிக்னலின் உச்ச அளவை வைத்து மல்டிப்ளெக்சர் தேர்ந்தெடுக்காதீர்கள், சிக்னல் கெட்டுப்போனால் எவ்வளவு போகும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் இது கிடைக்காது, மீறக்கூடாத உச்ச வரம்புகள் என்று உள்ளே ஒரு அட்டவணை இருக்கும், அதில் இன்புட்டுக்கு சப்ளை கூட்டல் 0.5 வோல்ட் என்று போட்டிருக்கும். நான் அந்த அட்டவணையைப் படிக்கவே இல்லை.

பச்சை விளக்குக்கும் இதே டயோடுதான் காரணம். என் பெட்டிக்கு 230 வோல்ட்டில் தனி அடாப்டர், டிரான்ஸ்மிட்டர்களுக்குப் பேனலில் வேறு 24 வோல்ட் பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்). என் பெட்டியை ஆஃப் செய்தாலும் டிரான்ஸ்மிட்டர்கள் மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஷன்ட்டில் 3 வோல்ட் நின்றால் அது டயோடு வழியாக ஏறி என் 5 வோல்ட் லைனில் 2.4 வோல்ட்டாக நிற்கும். கன்ட்ரோலருக்கு அது சாவும் இல்லை பிழைப்பும் இல்லை. அரைத் தூக்கத்தில் ஏதேதோ செய்து ஒரு பெட்டியில் செட்டிங் எல்லாம் அழிந்ததும் இதனால்தான். அந்த நிலையில் மறுபடி பவர் போடும்போது ஒரு 4051 லேட்ச் அப் ஆகி, அதாவது உள்ளே சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் ஒரு வழி திறந்து மூடாமலே நின்று, அடுப்புக்கல் மாதிரி சுட்டது. விரல் நுனி பொத்துக்கொண்டது. நீங்களும் பெட்டி ஆஃப், சிக்னல் ஆன் என்ற நிலையை ஷெட்டிலேயே ஒரு முறை சோதித்துவிடுங்கள், யாரும் அதைச் சோதிப்பதில்லை.

காரணம் தெரிந்துவிட்டது, தீர்வு கையில் என்று அவசரப்பட்டேன். ஒவ்வொரு இன்புட்டிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன்பின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறைந்த வோல்ட்டேஜிலேயே திறந்துகொள்ளும் ஷாட்கி டயோடு ஜோடி. பாடப்புத்தகப் பாதுகாப்பு. புது போர்டு அடித்து மாட்டினேன். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் வெளியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் டிரான்ஸ்மிட்டர் மாற்றிவிட்டு டெர்மினல் பிளக்கைத் தலைகீழாகச் சொருகிவிட்டார். 24 வோல்ட், சிக்னல், 24 வோல்ட், சிக்னல் என்று மாறி மாறி 8 கால் வைத்திருந்தேன், திருப்பிச் சொருகினால் நான்கு சிக்னல் காலிலும் நேராக 24 வோல்ட். அவர் மேல் குற்றமில்லை, திருப்பிச் சொருக முடிகிற பிளக்கை வைத்தது நான். ஒரு சேனலில் 24 வோல்ட் வந்தால் 1 கிலோ ஓம் வழியாக 18.7 மில்லி ஆம்ப், நான்குக்கும் சேர்த்து 75. அது அத்தனையும் டயோடு வழியாக என் 5 வோல்ட் லைனுக்குள் வருகிறது. போர்டு மொத்தமே 30 மில்லி ஆம்ப்தான் சாப்பிடும். மீதி எங்கே போகும்? ரெகுலேட்டருக்கு மின்னோட்டத்தைக் கொடுக்கத்தான் தெரியும், வாங்கிக்கொள்ளத் தெரியாது. லைன் 5-இலிருந்து ஏறியது, ஏடிசி, கன்ட்ரோலர், மெமரி எல்லாம் ஒரே நேரத்தில் போயின. பாதுகாப்புக்குப் போட்ட டயோடுதான் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அந்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் கருகியிருந்தன, 0.35 வாட் வந்தால் எட்டில் ஒரு பங்கு வாட் தாங்கும் ரெசிஸ்டர் வேறு என்ன செய்யும். 250 ஓம் ஷன்ட்களின் நிலைமை இன்னும் மோசம், 24 வோல்ட் நேராக வந்தால் 96 மில்லி ஆம்ப், 2.3 வாட், நான் போட்டது கால் வாட். ஷன்ட் கருகித் திறந்துகொண்டால், வயரைச் சரியாக மாட்டிய பிறகும் லூப்பின், அதாவது டிரான்ஸ்மிட்டர் சுற்றின், வோல்ட்டேஜ் இறங்க இடமில்லாமல் மல்டிப்ளெக்சர் தலையில்தான் வந்து உட்காரும்.

சரி, ரெசிஸ்டரை 10 கிலோ ஓம் ஆக்கலாம் என்று ஆக்கினேன். 24 வோல்ட்டுக்கு ஒரு சேனலில் 1.9 மில்லி ஆம்ப்தான், லைன் தாங்கும். ஆனால் பாய்லர் பக்கத்துப் பேனல் மதியத்தில் 55 டிகிரிக்குப் போகும், ஷாட்கி டயோடு மூடியிருக்கும்போதும் அதன் வழியாகப் போகும் கசிவு மின்னோட்டம் சூட்டில் மளமளவென்று ஏறும். 10 கிலோ ஓமில் 1 மைக்ரோ ஆம்ப் கசிந்தால் 10 மில்லிவோல்ட், என் கணக்கில் அரை டிகிரி. காலையில் சரியாகக் காட்டும் பெட்டி மதியம் ஒரு டிகிரி தள்ளிக் காட்டியது. மேனேஜர் அப்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தம்பி, மொதல்ல நாலு டிகிரி தப்பாக் காட்டுச்சு, இப்ப ஒரு டிகிரி. முன்னேற்றந்தான், ஆனா பில்லு பாஸாகாது." பில்லில் 35,000 பிடித்துக்கொண்டார்கள். அது கடைசி வரை வரவில்லை. இதற்குள் எறிந்த போர்டுகள் மட்டும் 26,000.

அப்புறம்தான் மல்டிப்ளெக்சர்களிலேயே ஓவர்வோல்ட்டேஜ் பாதுகாப்பு உள்ளே வைத்துச் செய்தவை தனியாக இருக்கின்றன என்று தெரிந்துகொண்டேன். இது புதுசு ஒன்றுமில்லை, பல வருடங்களாக இருக்கும் சரக்குதான், 4051 விற்கும் கடையில் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவ்வளவுதான். பழைய வகை ஒன்றில் ஒவ்வொரு வழியிலும் மூன்று டிரான்சிஸ்டர்களை வரிசையாக வைத்திருப்பார்கள், என் வகை, பி வகை, என் வகை. இன்புட் வரம்பு மீறினால் அல்லது சப்ளையே இல்லாவிட்டால் மூன்றில் ஒன்று தானாக அணைந்துவிடும். அதற்கு விலை, ஆன் ரெசிஸ்டன்ஸ் கூடுதல், சப்ளைக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு சிக்னல் போகாது. புதிய வகையில் இன்புட்டைத் தனியாகக் கண்காணித்து, சப்ளையைத் தாண்டியதும் அந்த ஒரு சுவிட்சை மட்டும் மூடிவிடுவார்கள், மற்ற சேனல்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடும். ஏடிஜி5208எஃப் என்பது அப்படி ஒன்று, மைனஸ் 55 முதல் பிளஸ் 55 வோல்ட் வரை தாங்கும், பவர் இல்லாதபோதும் தாங்கும். டிமக்ஸ்7308எஃப் என்பதற்கு அதே கணக்கு 60.

ஆனால் எனக்கு அவசரம். பட்டியலில் ஏடிஜி508எஃப் என்ற பழைய வகையும் கண்ணில் பட்டது, உடனே சென்னைக்கு ஆளைப் பிடித்து 508 இருக்கிறதா என்று ஒரு கடையில் கேட்கச் சொன்னேன். இருக்கிறது, 320 ரூபாய் என்றார்கள். 15 வாங்கினேன், 4,800 ரூபாய். வந்ததில் எஃப் இல்லை. போன் செய்தால் "எல்லாம் ஒண்ணுதான் சார், 508னா 508தான், கால் வரிசைகூட மாறாது" என்றார். கால் வரிசை மாறாது என்பது உண்மைதான், அதுதான் ஆபத்தும். எஃப் இல்லாத 508-இல் அந்தப் பாதுகாப்பு இல்லை, அதே டயோடு உண்டு. நானும் அரை மனதோடு மாட்டிப் பார்த்து, 24 வோல்ட்டை வைத்ததும் ஒன்று போனது. மீதி 14 இன்னும் டப்பாவில் கிடக்கிறது.

இதில் கற்ற ஒரு சின்னச் சோதனை எல்லோருக்கும் உதவும். சில்லை போர்டில் மாட்டும் முன், மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வைத்து, சிவப்பு முனையை ஒரு இன்புட் காலிலும் கருப்பு முனையை பிளஸ் சப்ளை காலிலும் வையுங்கள். 0.6 பக்கத்தில் காட்டினால் அது சாதாரண மல்டிப்ளெக்சர், மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி. இன்புட் பாதுகாப்பு உள்ளதில் அந்த டயோடு இருக்காது, மீட்டர் திறந்த வழி என்று காட்டும். பத்து வினாடி வேலை.

கடைசியில் 5208எஃப்-ஐயே முறையான டிஸ்ட்ரிப்யூட்டரிடம் 780 ரூபாய் வீதம் வாங்கினேன். 20 எங்கே 780 எங்கே என்று அழுகை வந்தது உண்மை, ஆனால் எட்டு சேனலுக்கு டயோடு, ரெசிஸ்டர், போர்டில் இடம் எல்லாம் மிச்சமாவதைக் கழித்துப் பார்த்தால் அவ்வளவு கொடுமையில்லை. அதிலும் இரண்டு பொறி உண்டு. ஒன்று, அது 5 வோல்ட் ஒற்றை சப்ளையில் ஓடாது, குறைந்தது 8 வேண்டும். நான் 12 கொடுத்தேன். இரண்டாவது பொறியில் பலர் விழுவார்கள் என்று நினைக்கிறேன்: அதன் பாதுகாப்பு அதன் சப்ளையைத் தாண்டினால்தான் வேலை செய்யும். அதாவது இன்புட்டில் 11 வோல்ட் வந்தால் அதற்கு அது தப்பே இல்லை, அப்படியே உங்கள் 5 வோல்ட் ஏடிசிக்கு அனுப்பிவிடும். ஆகவே மல்டிப்ளெக்சருக்குப் பின்னால், பொது அவுட்புட்டில், ஒரே ஒரு 10 கிலோ ஓமும் கசிவு மிகக் குறைந்த பிஏவி199 டயோடு ஜோடியும் போட்டேன். அங்கே வரக்கூடிய மின்னோட்டம் 1 மில்லி ஆம்ப்கூட இல்லை, லைன் ஏறாது. எந்த அளவுக்கு மேல் மூட வேண்டும் என்று தனி சப்ளை கால் வழியாக நாமே சொல்லும் ஏடிஜி5248எஃப் போன்றவையும் உண்டு, அப்போது எனக்குத் தெரியாது.

அந்த 10 கிலோ ஓமுக்குப் பின்னால் சிக்னலின் மின்இரைச்சல் குறையட்டும் என்று 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டு அதிலும் ஒரு நாளை விட்டேன். சேனல் மாறும்போது முந்தைய சேனலின் வோல்ட்டேஜ் அதில் தங்கிவிடும். 12 பிட் துல்லியத்துக்கு ஆர்சி நேரத்தைப் போல (ரெசிஸ்டர் மதிப்பு பெருக்கல் கெப்பாசிட்டர் மதிப்பு) 9 மடங்கு காத்திருக்க வேண்டும், இங்கே அது 9 மில்லி வினாடி, நான் காத்திருந்தது 1. கெப்பாசிட்டரை 1 நானோ ஃபாரட் ஆக்கியதும் சரியானது.

ஷன்ட்டை 1 வாட் ஆக்கி, ஒவ்வொரு லூப்பிலும் தானாக மீளும் 50 மில்லி ஆம்ப் பாலிஃபியூஸ் வைத்தேன். மின்னோட்ட லூப் என்பதால் அதன் ரெசிஸ்டன்ஸ் அளவைக் கெடுக்காது. பிளக்கைத் திருப்ப முடியாத வகையாக மாற்றினேன். இடி, 230 வோல்ட் எல்லாம் இந்தச் சில்லின் கையில் இல்லை, 55 எங்கே 325 வோல்ட் உச்சம் எங்கே, திடீர் எழுச்சிக்கு மட்டும் டெர்மினல் பக்கத்திலேயே அதை உறிஞ்சும் டிவிஎஸ் டயோடு போட்டிருக்கிறேன். இந்தக் கடைசிப் போர்டுக்கு உதிரிகளோடு சேர்த்து 41,000 ஆனது. இதோடு மேலே சொன்னவற்றைக் கூட்டினால் அந்த 1,36,300 வரும். பெட்ரோலும் தூக்கமும் இந்தக் கணக்கில் இல்லை.

மாட்டப் போன அன்று ஃபிட்டர் அண்ணனே 24 வோல்ட் வயரை எடுத்து ஒவ்வொரு சிக்னல் காலிலும் தொட்டார். தொட்ட சேனல் மட்டும் உச்சத்தில் நின்றது, மற்ற ஏழும் அசையவில்லை. அப்புறம் பெட்டியை ஆஃப் செய்துவிட்டு, பேனல் கதவை முக்கால்வாசி சாத்தி, இருட்டில் கண்ணை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப மினுக்கலைங்க தம்பி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இதற்கு முந்தைய வருடம் இன்னொரு இடத்துக்கு 4 பெட்டி கொடுத்திருந்தேன், அதே 4051, அதே 5 வோல்ட். அங்கிருந்து இதுவரை புகார் வரவில்லை. அடுத்த வாரம் நானே போய் ஆஃப் செய்து பார்க்க வேண்டும்.